பிரெட் சரியாக வரவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

பிரெட் கெட்டுப்போனால் முதல் பழி ஈஸ்ட் மேல்தான் விழும். பாக்கெட்டை மாற்றுவோம், பிராண்டை மாற்றுவோம், அளவைக் கூட்டுவோம். ஆனால் கோடைக்காலத்தில் நம் சமையலறையில் 33, 35 டிகிரி இருக்கிறது. "ஒன்றரை மணி நேரம் உப்ப விடவும்" என்று எழுதும் ஐரோப்பிய, அமெரிக்கச் செய்முறைகள் 22 முதல் 24 டிகிரி அறையை மனதில் வைத்தவை. அந்த நேரக் கணக்கை இங்கே அப்படியே பின்பற்றினால் நல்ல ஈஸ்டும் காலை வாரும். (கீழே வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.)

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு வேண்டும். 8க்கு 4 அங்குல டின்னுக்கு: மைதா 300 கிராம், தண்ணீர் 190 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், உப்பு 6 கிராம், சர்க்கரை 15 கிராம், வெண்ணெய் 20 கிராம். மொத்த மாவு 534 கிராம். ஓவனை 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, 30 முதல் 35 நிமிடம் சுட வேண்டும். அளவெல்லாம் கிராமில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 240 மில்லி கப்பை மைதா டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140 கிராமுக்கு மேல் வரும். ஸ்பூனால் எடுத்துத் தளர்வாக நிரப்பினால் 120 கிராம்தான். இரண்டரை கப்பில் 50 கிராம் வித்தியாசம். கீழே வரும் கோளாறுகளில் பாதி அந்த 50 கிராமில் பிறந்தவை. எடை மெஷின் வாங்காமல் பிரெட் செய்வதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

மாவு உப்பவே இல்லை

ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் (38 டிகிரி அளவு) 100 மில்லி தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் மேலே நுரைத்து எழும்ப வேண்டும். ஓரத்தில் நாலு குமிழி மட்டும் வந்தால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள். அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பிரித்த பாக்கெட் இங்குள்ள ஈரக்காற்றில் சமையல் மேடைமேல் கிடந்தால் வெகு சீக்கிரம் வீரியம் இழக்கும். இறுக மூடும் சிறு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

ஈஸ்ட் நன்றாக இருந்தும் உப்பவில்லை என்றால் சூடு காரணமாக இருக்கலாம். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். காய்ச்சிய பாலை ஆறிவிட்டது என்று நம்பி ஊற்றுவது வழக்கமான தவறு. அடுத்தது உப்பு. உலர்ந்த மாவில் உப்பும் ஈஸ்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. உப்புத் தண்ணீரில் ஈஸ்டைக் கரைத்து வைத்தால்தான் ஆபத்து. 300 கிராம் மாவுக்கு உப்பு 6 கிராமைத் தாண்டத் தாண்ட வேகம் குறையும். சர்க்கரையும் அப்படியே: மாவின் எடையில் பத்து சதவீதத்தை மீறும் இனிப்பு பன்னில் சாதாரண ஈஸ்ட் திணறும். அதற்கு நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது இனிப்பு மாவுக்கென்றே விற்கும் ஈஸ்டை வாங்குங்கள்.

ஆக்டிவ் டிரை என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இன்ஸ்டன்டை மாவிலேயே கலக்கலாம்.

கிடுகிடுவென்று உப்பியது, ஓவனில் வைத்ததும் அமுங்கிவிட்டது

இங்கே அதிகம் நடப்பது இதுதான். மேலே சுருக்கம், நடுவில் பள்ளம், உள்ளே பெரிய ஒழுங்கற்ற ஓட்டைகள், லேசான சாராய வாடை. மாவு அளவுக்கு மீறி உப்பி, பசைத்தன்மை இழுபட்டு, தாங்கும் சக்தியை இழந்துவிட்டது என்று அர்த்தம்.

தீர்வு தண்ணீரின் குளிர்ச்சியில் இருக்கிறது. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி இருக்க வேண்டும். அதற்குப் பேக்கரிக்காரர்களின் கணக்கு: 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறைச் சூடு, மைதாவின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழியுங்கள். மீதி வருவது ஊற்ற வேண்டிய தண்ணீரின் சூடு. அறை 33, மைதா 32, கையால் பிசைந்தால் 3 என்று வைத்தால் 78 கழித்தல் 68, அதாவது 10 டிகிரி. ஃப்ரிட்ஜ் தண்ணீர் போதும். மெஷினில் பிசைந்தால் உராய்வுச் சூடு 12 வரை போகும்; அப்போது விடை 1 டிகிரி. ஐஸ் போட்டே ஆக வேண்டும், ஐஸின் எடையையும் 190 கிராமுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டை வெந்நீரில் எழுப்பியே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை இன்ஸ்டன்ட் ஈஸ்ட் வைத்திருப்பவர்கள் விட்டுவிடலாம்.

வெயில் நாளில் ஈஸ்டை 2 கிராமாகக் குறையுங்கள். கடிகாரத்துக்குப் பதிலாக மாவைப் பாருங்கள். அகலமான பாத்திரத்தில் "இரட்டிப்பு" என்பது கண்ணுக்குப் பிடிபடாது. பிசைந்த மாவிலிருந்து நெல்லிக்காய் அளவு கிள்ளி, நேரான கண்ணாடி டம்ளரில் அழுத்தி, ரப்பர் பேண்டால் உயரத்தைக் குறித்து, பெரிய மாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். டம்ளரில் இரட்டித்தால் பாத்திரத்திலும் இரட்டித்துவிட்டது.

டின்னில் போட்ட பிறகு விரல் சோதனை. உலர் மைதாவைத் தொட்ட விரலால் ஓரத்தில் அரை அங்குலம் அழுத்துங்கள். குழி உடனே துள்ளி நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி நிரம்பினால் உடனே ஓவனுக்குள் போக வேண்டும். நிரம்பாமல் அப்படியே நின்றாலோ, சுற்றிலும் தளர்ந்து இறங்கினாலோ நேரம் கடந்துவிட்டது. மேலே சொன்ன அளவுக்கு, நடுப்பகுதி டின் விளிம்புக்கு மேலே ஒரு விரல் பருமன் எழும்பும்போது ஓவன் சூடேறித் தயாராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஓவனைப் போடுகிறீர்கள் என்றால், 15 நிமிடத்தில் மாவு கைமீறிவிடும்.

கைமீறிய மாவை ஒரு தடவை காப்பாற்றலாம்: டின்னிலிருந்து எடுத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, மறுபடி சுருட்டி வையுங்கள். இந்தத் தடவை பாதி நேரத்திலேயே எழும்பிவிடும். இரண்டாம் தடவையும் தவறவிட்டால் பிரெட் ஆசையை விட்டுவிட்டு, தட்டையாகப் பரப்பிப் பீட்சாவாகச் சுடுங்கள். அதற்கு அது நல்ல மாவுதான்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வைக்கும் முறை இருக்கிறது. ஈஸ்ட் ஒன்றரை கிராம், பிசைந்த உடனே ஃப்ரிட்ஜுக்குள், 8 முதல் 12 மணி நேரம். "கொஞ்சம் உப்பட்டும், பிறகு வைக்கலாம்" என்று வெளியே விடாதீர்கள். உருண்டையின் நடுப்பகுதி குளிர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை உள்ளே நொதித்துக்கொண்டேதான் இருக்கும். அகலப் பாத்திரத்தில் தட்டையாக அழுத்தி வைத்தால் சீக்கிரம் குளிரும். எங்கள் கணக்கில் சித்திரை, வைகாசிக்கு இதுவே சரியான வழி, மற்றதெல்லாம் சமாளிப்பு.

பக்கத்தில் வெடித்தது, அல்லது மேல் தோலுக்கு அடியில் குகை

இது நேர் எதிர் நோய். உப்பியது போதவில்லை, ஓவனுக்குள் போய் ஒரேயடியாக எழும்பியதில் பலவீனமான இடத்தில் பிய்த்துக்கொண்டது. மின்விசிறிக்குக் கீழே மூடாமல் வைத்தாலும் மேல் தோல் காய்ந்து, விரிய முடியாமல் பக்கவாட்டில் வெடிக்கும். ஈரத்துணி போட்டால் மாவில் ஒட்டும். பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து மூடுவது சுலபம்.

குகை விழுந்தால் சுருட்டிய விதத்தைப் பாருங்கள். சுருட்டும்போது உலர் மாவு நிறையத் தூவினாலோ, எண்ணெய் தடவினாலோ மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாது. மேடையில் மாவே தூவாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளங்கையால் அழுத்தி ஒட்ட வைத்துச் சுருட்டுங்கள்.

வெட்டினால் கத்தியில் பிசுபிசுப்பு. அடியில் பச்சை மாவு போல ஒரு பட்டை

சுட்டு எடுத்து எவ்வளவு நேரத்தில் வெட்டினீர்கள்? ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வேகாமல் இல்லை; உள்ளே நீராவி இன்னும் அடங்கவில்லை. வாசனை வீடெல்லாம் சுற்றும்போது காத்திருப்பது கஷ்டம்தான், ஆனால் வேறு வழியில்லை.

ஆறிய பிறகும் பிசுபிசுத்தால் வேகவில்லை. அடியைத் தட்டிச் சத்தம் கேட்கும் முறை பால், வெண்ணெய் சேர்த்த மென்மையான பிரெட்டில் ஏமாற்றும். கம்பித் தெர்மாமீட்டரை நடுவில் செருகிப் பாருங்கள்: இந்த மாதிரி பிரெட்டுக்கு 90 டிகிரிக்கு மேல், வெண்ணெய் குறைந்ததற்கு 95. தெர்மாமீட்டர் இல்லையென்றால் எடை மெஷின் இருக்கவே இருக்கிறது. 534 கிராம் மாவு சுட்ட பிறகு சுமார் 475க்கு இறங்கும். 490க்கு மேல் நின்றால் இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள்.

பட்டை அடிப்பாகத்தில் மட்டும் இருந்தால், டின்னிலேயே ஆறவிட்டதன் விளைவு. வெளியேற வழியில்லாத நீராவி அடியில் தண்ணீராகத் திரும்பிவிட்டது. ஓவனிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். பக்கச் சுவர்கள் உள்வாங்குவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

மேலே கருகல், உள்ளே மாவு; அல்லது வெளிறிப்போய்ச் சுவையில்லாமல்

சிறிய ஓடிஜியில் (மேலும் கீழும் சூடேற்றும் ராடு உள்ள மின்சார ஓவன்) எழும்பிய பிரெட்டின் தலை மேல் ராடுக்கு மிக அருகில் போய்விடும். தட்டைக் கீழ் அடுக்கில் வையுங்கள், முதல் 20 நிமிடம் கீழ் ராடு மட்டும், பிறகு இரண்டும். நிறம் வந்ததும் அலுமினியத் தாளைக் கூடாரமாக மூடலாம். குமிழில் 200 என்று திருப்பினால் உள்ளே 200தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். 20 டிகிரி முன்னே பின்னே இருப்பது சகஜம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் விலை அதிகமில்லை.

மின்னழுத்தத்தையும் கவனியுங்கள். ராடின் சக்தி மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 200க்கு இறங்கினால் சக்தி முக்கால் பங்குதான். வீட்டில் எல்லா ஏசியும் ஓடும் மாலை ஏழு மணிக்குச் சுட்டது வெளிறியும், அதே மாவு காலையில் சிவந்தும் வந்தால் சந்தேகம் இங்கே போகட்டும். மின்சாரம் சரியாக இருந்தும் வெளிறினால், மாவு அதிகம் நொதித்துச் சர்க்கரையை ஈஸ்டே தின்று தீர்த்திருக்கும்.

உதிர்கிறது, மறுநாளே காய்கிறது

கப் கணக்கில் அளந்து மைதா கூடியதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது, கையில் ஒட்டுகிறதே என்று பிசையும்போது மாவு தூவிக்கொண்டே போவது. ஒட்டத்தான் செய்யும். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி பிசைந்தால் பாதி ஒட்டல் போய்விடும். போதுமா என்று பார்க்க, ஒரு துண்டை நாலு விரல்களில் விரித்து இழுங்கள். வெளிச்சம் தெரியும் மெல்லிய சவ்வாக, கிழியாமல் வர வேண்டும். நம் கடை மைதாவில் புரதம் குறைவு என்பதால் கையால் 12 முதல் 15 நிமிடம் பிடிக்கும். அவ்வளவு பிசைந்தும் கிழிந்தால் 300 கிராமுக்கு 10 கிராம் குளூட்டன் (கோதுமையின் பசைப் புரதம்) பொடி சேர்த்து, தண்ணீரை இரண்டு டேபிள்ஸ்பூன் வரை கூட்டுங்கள்.

காய்வதைத் தள்ளிப்போட கூழ் முறை உதவும். செய்முறையில் உள்ள மைதாவிலிருந்தே 15 கிராம், தண்ணீரிலிருந்து 75 கிராம் எடுத்துக் கரைத்து, ஸ்பூன் இழுத்த தடம் நிற்கும்வரை (65 டிகிரி) கிண்டி, ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். வெந்த மாவு பிடித்துவைக்கும் ஈரம் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும்.

பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஸ்டார்ச் இறுகிக் கெட்டிப்படுவது அந்தக் குளிரில்தான் மிக வேகம். ஒன்று வெளியே, இல்லாவிட்டால் துண்டு போட்டு ஃப்ரீசரில்.

கோதுமை மாவில் செய்து உதிர்ந்தால் கதை வேறு. தவிட்டுத் துகள்கள் பசை வலையை அறுக்கும். 100 கிராம் கோதுமை மாவு, 200 கிராம் மைதா, 205 கிராம் தண்ணீர் என்று ஆரம்பியுங்கள். கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு பிசையுங்கள். மில்லில் அரைத்துச் சூட்டோடு கொண்டுவந்த மாவை அன்றே உபயோகித்தால் மேலே போட்ட வெப்பக் கணக்கு மொத்தமும் தப்பிப்போகும்.

மூன்றாம் நாள் நடுவில் பிசின். பிய்த்தால் நூல் நூலாக வருகிறது

அழுகிய முலாம்பழ வாடை அடிக்கும், பூஞ்சை எதுவும் தெரியாது. தானியத்தோடு மண்ணிலிருந்து வரும் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வேலை இது. பிரெட்டின் நடு நூறு டிகிரியைத் தொடாது என்பதால் அதன் வித்துகள் சூட்டில் தப்பிப் பிழைத்து, நம் ஊர் வெக்கையில் முளைக்கும். ருசி பார்க்க வேண்டாம், முழுதாகக் குப்பையில் போடுங்கள். டப்பா, பலகை, கத்தியைக் கழுவி வினிகரால் துடையுங்கள். அடுத்த சில தடவை மாவில் இரண்டு டீஸ்பூன் வினிகர் சேருங்கள். புளிப்பில் அது முளைக்காது. இளஞ்சூட்டோடு பிரெட்டைக் கவரில் கட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

மக்காச்சோளம் சேர்த்தவை

இங்கே முதல் கோளாறு கடையிலேயே நடந்துவிடும். கார்ன் ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளைப் பொடி வெறும் ஸ்டார்ச். சோள மாவு என்று மில்லில் கேட்டால் வெள்ளைச் சோளத்தை அரைத்துத் தருவார்கள். வேண்டியது மஞ்சள் மக்காச்சோளத்தின் ரவை, மெல்லிய ரகம். வட இந்தியர் ரொட்டி தட்டும் மக்காச்சோள மாவும் ஆகும், ஆனால் திரவம் கூடுதலாக இழுக்கும்.

*ஈஸ்ட் போட்ட மக்காச்சோள பிரெட் செங்கல்லாக வந்தால்:* மக்காச்சோளத்தில் குளூட்டன் கிடையாது. மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் கனக்கும். போர்ச்சுகல் வடக்கில் செய்யும் ப்ரோவா என்ற ரொட்டியில் மக்காச்சோளம் அதைவிடக் கூடுதல். ஆனால் அதைக் கல்லடுப்பில் உருண்டையாகச் சுட்டு, அடர்த்தியாகவே சாப்பிடுகிறார்கள். டின் பிரெட் மாதிரி வேண்டுமானால் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் செய்யும் அனடாமா என்ற பிரெட் நல்ல வழி: 60 கிராம் மக்காச்சோள ரவையில் 150 மில்லி கொதிநீர் ஊற்றிக் கிண்டி, ஆறியதும் மைதா 240, கரும்புப் பாகு 40, ஈஸ்ட் 3, உப்பு 6, வெண்ணெய் 20 கிராம், தேவைக்கு 50 மில்லி தண்ணீர். கொதிநீரில் ஊறாத ரவை பிரெட்டுக்குள் மணலாக நறநறக்கும், மாவின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். கூழ் மேலே ஆறியிருக்கும், நடுவில் இன்னும் கை சுடும். தட்டில் பரப்பி ஆறவிட்ட பிறகே ஈஸ்ட்.

*அமெரிக்கத் தென்மாநில மக்காச்சோள ரொட்டி உதிர்ந்து, சோப்பு வாடை அடித்தால்:* இதில் ஈஸ்ட் கிடையாது, மோரும் சோடாவும்தான். 20 சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு வாணலிக்கு மக்காச்சோள ரவை 180 கிராம், மோர் 240 மில்லி, முட்டை 1, சமையல் சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், உருக்கிய வெண்ணெய் மூன்று டேபிள்ஸ்பூன். அவர்கள் சொல்லும் மோர் கெட்டியானது, புளிப்பானது. நாம் குடிக்கும் நீர்மோரை ஊற்றினால் சோடாவை முறிக்கப் புளிப்பு போதாமல் மிச்ச சோடா சோப்பாக நாக்கில் நிற்கும். புளித்த தயிர் 180, தண்ணீர் 60 என்று கடைந்து ஊற்றுங்கள். ரவையை அந்த மோரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, சோடாவையும் முட்டையையும் கடைசியில் சேர்த்தால் உதிர்வதும் நறநறப்பும் சேர்ந்து போகும்.

கசந்தால் ரவை பழசு. மக்காச்சோளக் கருவின் எண்ணெய் சிக்கடித்துவிட்டது. வாங்கியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அடி மொறுமொறுப்பாக வராமல் வாணலியில் ஒட்டினால், மாவை ஊற்றும்போது வாணலி சூடாக இல்லை. வெறும் வாணலியை 220 டிகிரி ஓவனில் 15 நிமிடம் வைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுழற்றி, மாவை ஊற்றும்போது தோசைக்கல் போலச் சுரீரென்று சத்தம் வர வேண்டும். 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். புது வாணலி என்றால் முதலில் நாலைந்து தடவை அப்பம், ஆம்லெட் என்று எண்ணெயில் பழக்கிவிட்டு ஓவனுக்குக் கொண்டுபோங்கள். மரம் அல்லது பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தால் கழற்றிவிட்டு.